கால் குரக்குக்கு மெக்னீசிய மாத்திரையா?
கிட்னி கோளாறு உள்ளவர்களே, உஷார்!

மார்த்தாண்டம்:

ராத்திரி இரண்டு மணி. அயர்ந்த தூக்கம். திடீரென்று கெண்டைக்கால் கல்லாக இறுகுகிறது. "எம்மா!" என்று அலறிக்கொண்டு எழுந்து காலை உதறுகிறார் பெரியவர்.

விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், அண்டி ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்கள், கடையில் நின்றே காலம் கழிப்பவர் என்று பலருக்கும் இந்த அவஸ்தை தெரியும். செல்போன் வீடியோ சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "மெக்னீசியம் போடுங்க!"

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே டப்பா கிடைக்கிறது.

"அண்ணே, மெக்னீசியம் ஒண்ணு தாங்க."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு. கால் பிடிச்சு இழுக்குதாம்."

"அப்பாவுக்குக் கிட்னியில கோளாறு உண்டா?"

இப்படிக் கேட்கிற கடைக்காரர் புண்ணியவான். கேட்காவிட்டால்?

உயிருக்கே ஆபத்து

மிஞ்சிய மெக்னீசியத்தை வெளியேற்றுவது கிட்னி. அது பழுதானால் சத்து ரத்தத்தில் தேங்கும். முதலில் வயிற்றுப்போக்கு, குமட்டல். அளவு ஏறினால் ரத்த அழுத்தம் விழும்; உடல் துவளும்; மூச்சு திணறும்; இதயமே நின்று போகலாம்.

கர்ப்பகால வலிப்புக்கு ஆஸ்பத்திரியில் இதே மெக்னீசியத்தை ஊசியாகப் போடுகிறார்கள். அங்கே நர்சு சும்மா இருப்பதில்லை. முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீரை அளப்பார். வீட்டில் யார் பார்ப்பது?

சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் முதலில் 'கிரியாட்டினின்' ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, டாக்டரிடம் கேட்பதே புத்திசாலித்தனம்.

லேபிளில் சூட்சுமம்

டப்பாவில் "மெக்னீசியம் ஆக்சைடு 500 மில்லிகிராம்" என்றிருந்தால், அதில் அசல் மெக்னீசியம் சுமார் 300 தான். இந்த ஆக்சைடு உடம்பில் குறைவாகவே சேரும். சிட்ரேட் அதைவிட நன்றாகச் சேரும்.

மாத்திரை வழியாக நாளைக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 1997-ல் வரம்பு கட்டியது. ஐரோப்பியர் 250-லேயே நிறுத்துகிறார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டோடு போட்டால் வயிறு கலங்குவது குறையும்.

சேராத ஜோடிகள்

தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டாக்சிசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் போன்றவற்றை இதற்கு 2 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். சேர்த்து விழுங்கினால் அந்த மருந்து வேலை செய்யாது.

தோட்டத்துக்குப் போடும் மெக்னீசியம் சல்பேட்டைக் கரைத்துக் குடிப்பது அறவே கூடாது. அது செடிக்கு, வயிற்றுக்கு அல்ல.

குரக்கு போகுமா?

இங்கேதான் வேடிக்கை! பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த 'காக்ரேன்' அமைப்பு, வயதானவர்களின் கால் குரக்குக்கு மெக்னீசியத்தால் பெரிய பலன் இருக்காது என்று 2020-ல் சொல்லிவிட்டது. மலச்சிக்கலுக்கு உதவும் என்பது உண்மை.

உண்மையிலேயே சத்துக் குறைந்தவர்கள் உண்டு. வருஷக்கணக்கில் வாயு மாத்திரை போடுபவர், சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர், நெடுநாள் வயிற்றுப்போக்கு உள்ளவர், மதுவில் மூழ்கியவர் - இவர்களுக்கு டாக்டர் பார்த்து எழுதிக் கொடுப்பார்.

மற்றவர்களுக்கு? கீரை, பயறு, கேழ்வரகு, நிலக்கடலை, நம்ம ஊர் அண்டிப்பருப்பு - எல்லாவற்றிலும் மெக்னீசியம் இருக்கிறது. கால் இழுத்தால் பாதத்தை முகத்தை நோக்கி மடக்கிக் கெண்டையை நீவி விடுங்கள்.

அதற்குக் காசும் இல்லை. ஆபத்தும் இல்லை!