மஞ்சள் பத்திரிகையும் மதுரம் அம்மாளும்



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி வருத்தப்பட்டு எழுதியிருந்தார். இந்தக் காலத்துப் பெண்கள் கையில் செல்போனை வைத்துக்கொண்டு எந்த நடிகை விவாகரத்து செய்தாள், எந்த நடிகர் யாரோடு சுற்றுகிறார் என்றே படித்துக்கொண்டிருக்கிறார்களாம். நம் அம்மா, பாட்டி காலத்தில் இந்தக் கண்றாவி எல்லாம் இருந்ததா என்று கேட்டிருந்தார்.

இருந்தது சகோதரி! இதைவிடப் பெரிதாகவே இருந்தது. ஒரு கொலை வரைக்கும் போனது. நமக்குத்தான் மறந்து போய்விட்டது.

என் அம்மா 1930ல் பிறந்தவர். பதினான்கு வயதில் திருச்சியில் தன் கண்ணெதிரே ஊரே பேசிய கதையை, கீரை ஆய்ந்துகொண்டே எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பிறகு நானும் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு என்றால் வயதானவர்களுக்கு உடனே புரியும். இளையவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அப்போது தமிழ் சினிமாவில் எம்.கே. தியாகராஜ பாகவதர்தான் ராஜா. 1934ல் பவளக்கொடி, 1937ல் சிந்தாமணி, அம்பிகாபதி. அவர் பாட்டைக் கேட்கக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பிள்ளைகள் எல்லாம் தலைமுடியைத் தோள் வரை வளர்த்து "பாகவதர் கிராப்" வைத்துக்கொள்வார்கள். 1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வந்தது. அப்பா அம்மாவை மதிக்காத பிள்ளை திருந்துகிற கதை. அதில் சிரிப்புக்கு என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். இந்த மூன்று பேர் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது" என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறைக் கதைகள்தான் அதன் சரக்கு. எது நிஜம், எது புளுகு என்று யாருக்கும் தெரியாது. பணம் கொடுத்தால் எழுதமாட்டார், கொடுக்காவிட்டால் எழுதுவார் என்று பேச்சு. பத்திரிகை சுடச்சுட விற்றது.

யார் வாங்கினார்கள் என்கிறீர்கள்? நம்மைப் போன்ற வீடுகளில்தான்! ஆண்கள் வாங்கி வந்து சட்டைப்பைக்குள் மடித்து வைப்பார்கள். அவர்கள் வேலைக்குப் போன பிறகு அது அடுக்களைக்கு வரும். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார்த்தி வாசிக்கச் சொல்வாராம். அம்மா கிட்டே போனால், "ஏண்டி, பெரியவங்க பேசற இடத்துல உனக்கென்ன வேலை? போய் குடத்துல தண்ணி இருக்கா பாரு" என்று விரட்டிவிடுவார். அம்மாவோ கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிடுவார். வாசித்து முடித்ததும் இரண்டு பேரும் "கலி முத்திப்போச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்களாம். அடுத்த இதழ் எப்போ வரும் என்றும் கேட்டுக்கொள்வார்களாம்!

பாகவதர், கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு எல்லோரும் சேர்ந்து கவர்னரிடம் மனு கொடுத்தார்கள். சினிமா தூதின் லைசென்ஸ் ரத்தானது. லட்சுமிகாந்தன் சும்மா இருப்பாரா? "இந்து நேசன்" என்ற பெயரில் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை சினிமாக்காரர்களோடு ஊர்ப் பெரிய மனிதர்களையும் விட்டு வைக்கவில்லை.

1944 நவம்பர் 8ம் தேதி வேப்பேரியில் கை ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்திவிட்டார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. ஹரிதாஸ் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் கடைசியில் பாகவதரையும் கிருஷ்ணனையும் போலீஸ் கைது செய்தது. கொலைக்குச் சதி செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. நாயுடுவும் சிக்கினார்.

ஊர் எப்படி இருந்திருக்கும்! பாகவதர் படத்தைச் சுவரில் மாட்டியிருந்த வீடுகளில் சில பேர் கழற்றி வைத்தார்களாம். சில பேர் அதற்கு விளக்கேற்றினார்களாம். எங்கள் பாட்டி இரண்டும் செய்தார் என்று அம்மா சொல்வார். தாத்தா இருக்கும்போது படம் பரண் மேல் இருக்கும். தாத்தா வெளியூர் போனால் கீழே இறங்கும்.

1945 மே மாதம் தீர்ப்பு. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்தும் தள்ளுபடி ஆகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். கதாநாயகனும் காமெடியனும் ஜெயிலில் கம்பி எண்ணுகிறார்கள். பிராட்வே தியேட்டரில் அவர்கள் நடித்த ஹரிதாஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1944, 45, 46 என்று மூன்று தீபாவளி பார்த்த படம் அது. அவர்களைக் கொலைகாரர்கள் என்று பேசின ஜனங்களே டிக்கெட் வாங்கிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஜனங்கள் மனசை யாரால் புரிந்துகொள்ள முடியும்?

இதுவரை எழுதியதை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். நான் பேனா எடுத்தது மதுரம் அம்மாளுக்காக.

மதுரம் நடிகை. கிருஷ்ணனோடு 1936ல் வசந்தசேனா படத்தில் நடிக்கப் போய்ப் பழக்கம் ஏற்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர். கிருஷ்ணனுக்கு ஊரில் ஏற்கெனவே மனைவி உண்டு. ஆக, சினிமாக்காரி, இரண்டாந்தாரம். இந்து நேசனுக்கு இதைவிட என்ன வேண்டும்? திண்ணையில் உட்கார்ந்து நம் பாட்டிமார்கள் "சே" என்று முகம் சுளித்ததெல்லாம் இப்படிப்பட்ட பெண்களைப் பார்த்துத்தான்.

அந்தச் "சே" பெண்தான், வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போனதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றவர். வழக்கு நடத்த லண்டன் வரை போக வேண்டும். அந்தக் காலத்தில் கடைசி அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலில்தான். வெள்ளைக்கார வக்கீல் வைக்க வேண்டும். பணம்? கிருஷ்ணன் சம்பாதித்ததை எல்லாம் கேட்டவர்களுக்கு எல்லாம் அள்ளிக் கொடுத்த மனிதர். கைச்சேமிப்பு என்று பெரிதாக என்ன இருந்திருக்கும்?

மதுரம், எஸ்.வி. சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். இதிலும் நிம்மதி இல்லை. குழுவுக்குள் மனஸ்தாபம் வந்து, நன்றாகப் பாடி நடிக்கிற கே.ஆர். ராமசாமி பிரிந்து போய்த் தனிச் சபா ஆரம்பித்துவிட்டார். வீட்டில் ஆம்பிளை இல்லாதபோது கூட இருந்தவர்கள் பிரிந்தால் எப்படி இருக்கும் என்று, அந்த நிலையில் இருந்த சகோதரிகளுக்குத் தெரியும். ஆனாலும் நாடகம் நிற்கவில்லை. அவர்கள் போட்ட "பைத்தியக்காரன்" நாடகத்தையே கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷனில் படமாக எடுத்தார்கள். மதுரத்துக்கு அதில் இரட்டை வேடம். வழக்குச் செலவுக்குப் பணம் புரட்ட எடுத்த படம் அது.

நினைத்துப் பாருங்கள். புருஷன் ஆயுள் கைதி. ராத்திரி ஆனால் மேடையில் ஏறி ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டும்! நமக்குத் தலைவலி வந்தாலே சிடுசிடு என்று இருக்கிறோம். முகத்தில் அரிதாரம் பூசும்போது அந்த அம்மாள் மனசில் என்ன ஓடியிருக்கும்?

1947ல் பிரிவி கவுன்சில், சாட்சியங்களை உயர் நீதிமன்றம் முழுமையாகப் பரிசீலிக்கவில்லை, மறுபடி விசாரிக்க வேண்டும் என்று வழக்கைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பியது. இங்கே அவர்களுக்காக வாதாடியவர் வி.எல். எத்திராஜ். சென்னையில் உள்ள எத்திராஜ் மகளிர் கல்லூரியை 1948ல் ஆரம்பித்தாரே, அதே எத்திராஜ்தான். (என் மகள் அங்கேதான் பட்டம் வாங்கினாள். இந்த விஷயம் அவளுக்கு நான் சொல்லித்தான் தெரியும்!) 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை ஆனார்கள். கொலைக்குப் பின்னால் இருந்தது யார் என்பது மர்மமாகவே நின்றுவிட்டது.

கிருஷ்ணன் வெளியே வந்து பைத்தியக்காரனிலேயே தலைகாட்டினார். 1949ல் நல்லதம்பி, 1951ல் மணமகள், 1952ல் பணம் என்று மறுபடி எழுந்துவிட்டார். மணமகளில்தான் பத்மினி கதாநாயகி ஆனார். பாகவதரால் எழுந்திருக்க முடியவில்லை. கைதாகும்போது கையில் ஒப்பந்தம் ஆகியிருந்த படங்கள் எல்லாம் போய்விட்டன. 1948ல் ராஜமுக்தி எடுத்தார், ஓடவில்லை. அதற்குப் பிறகு வந்தவையும் அப்படித்தான். சர்க்கரை வியாதி, கண் பார்வை மங்கல் என்று கஷ்டப்பட்டு, 1959 நவம்பரில் 49 வயதில் போய்ச் சேர்ந்தார்.

ஒருவர் எழுந்தார், ஒருவர் விழுந்தார். இதற்குப் பல காரணம் சொல்வார்கள். சினிமாவில் ருசி மாறிவிட்டது, பாட்டுக் காலம் போய் வசனக் காலம் வந்துவிட்டது என்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் கிருஷ்ணன் திரும்பி வந்தபோது அவருக்கு ஒரு நாடக சபாவும், முடியும் தறுவாயில் ஒரு படமும், ஜோடி நடிகையும் தயாராக இருந்தன என்பதை ஏன் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை? அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் ஒரு பெண். பாகவதர் வீட்டுப் பெண்களைப் பற்றியோ நான் படித்ததில் ஒரு வரிக்கு மேல் கிடையாது. அவர்கள் அந்த இரண்டரை வருஷம் எந்தக் கடைக்குப் போனார்கள், யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடப்பட்டார்கள், யார் எழுதி வைத்தார்கள்?

செத்துப்போன லட்சுமிகாந்தனைப் பற்றி ஊர் முழுக்க "நல்லா வேணும்" என்றபோது பாட்டி மட்டும், "அவனையும் ஒருத்தி பத்து மாசம் சுமந்துதானே பெத்தா" என்றாராம். ஆனால் அதற்குப் பிறகும் மத்தியான வாசிப்பு நிற்கவில்லை, வேறு பத்திரிகை வந்துவிட்டது என்று அம்மா சிரிப்பார்.

இப்போது செல்போனில் நடப்பதும் அந்தத் திண்ணைதான். போன வருஷம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சின்னத்திரை நடிகையின் படத்தோடு ஒரு கதை வந்தது. ஒரே மணி நேரத்தில் நாற்பது பேர் கருத்துச் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் நம் வயதுப் பெண்கள். இரண்டு நாளில் அது பொய் என்று செய்தி வந்தது. அதற்கு ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. எதிர் பிளாக்கில் ஒரு பெண் வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வருகிறவள். அடுத்த வாரம் அதே குழுவில் அவளைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. அவளுடைய அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். இப்போது மார்கழிக் கோலப் போட்டிக்குக்கூட வருவதில்லை.

கிருஷ்ணன் 1957 ஆகஸ்ட்டில் இறந்தார். 48 வயதுதான். மதுரம் அம்மாள் அதற்குப் பிறகு பதினேழு வருஷம் இருந்து 1974ல் காலமானார். நாகர்கோவிலிலும் திருச்சியிலும் மதுரம் அம்மாளின் நாடகத்தை நேரில் பார்த்தவர்கள் வீடுகளில் இன்னும் ஏதாவது கதை மிச்சம் இருக்கும். உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ மேடையில் அந்த அம்மாளைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தால், என்ன வேஷம், என்ன பேசினார், யார் சிரித்தார்கள் என்று இந்தப் பகுதிக்கு ஒரு கடிதம் போடுங்களேன். நான் காத்திருக்கிறேன்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், திருச்சி