ராஜாவின் வீடு எங்கே?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ வீடு கட்டிக் குடியேறியிருக்கும் சகோதரிகளைக் கேட்டால் தெரியும், ஒரு வீட்டை எழுப்புவது எத்தனை பாடு என்று. "நமக்குப் பிறகும் நிற்க வேண்டும்" என்றுதானே ஒவ்வொரு செங்கல்லும் வைக்கிறோம்? அப்படியானால் ஒரு முறை ஹம்பிக்குப் போய் வாருங்கள். உங்கள் ஊர் வழியாக அரக்கோணத்துக்கு ஓடும் அதே இருப்புப்பாதையில் குண்டக்கல் வரை போய், பல்லாரி மார்க்கமாக ஹொசப்பேட்டையில் இறங்கினால் ஹம்பி பக்கந்தான்.

விஜயநகர மன்னர்களின் தலைநகரான அந்த ஊரில், அந்தப்புரத்து மதிலுக்கு வெளியே யானைக் கொட்டாரம் இருக்கிறது. 'கஜசாலை' என்கிறார்கள். அடேயப்பா! ஒரே வரிசையில் பதினோரு அறைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோபுரக் கூண்டு. சில வழுவழுவென்று உருண்டை, சில பூசணிக்காய்போல் வரி வரியாக. நடு அறைக்கு இப்பக்கம் எப்படியோ, அப்பக்கமும் அப்படியே. இந்து மன்னரின் யானைகளுக்கு முஸ்லிம் பாணியில் வளைவும் கூண்டும்! அழகு எங்கே இருந்தாலும் அதை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் மனம் அவர்களுக்கு இருந்தது.

யானைகளுக்கு நடந்த உபசாரத்தைக் கேளுங்கள். 1443-ல், இரண்டாம் தேவராயர் காலத்தில், ஹீராத் நகரத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரசாக் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு யானைக்கும் தனி அறை; கழுத்திலும் முதுகிலும் சங்கிலி போட்டுக் கூரையோடு பிணைத்திருப்பார்களாம். சாப்பாடு? தினம் இரு வேளை கிச்சடி! உப்புத் தூவி, சர்க்கரை கலந்து, பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து, வெண்ணெயில் தோய்த்து வாயில் ஊட்டுவார்களாம். இவற்றில் ஒன்று மறந்துபோனாலும் யானை பாகன்மேல் பாயும். அரசரின் தண்டனை வேறு. சாம்பாரில் உப்புக் குறைந்தால் முகத்தைச் சுளிக்கும் நம் வீட்டு ஐயாக்கள் எவ்வளவோ மேல்!

எங்களோடு வந்திருந்த அம்பத்தூர்ப் பாட்டி ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "யானை வீடு சரி, ராஜா வீடு எங்கே?" என்றார்.

காட்டினேன். வெறும் கருங்கல் மேடை. 1565-ல் போரில் ராமராயர் மாண்டதும் பகைவர் படை நகருக்குள் புகுந்தது. அதற்குள் அவர் தம்பி திருமலர் 550 யானைகள்மேல் செல்வங்களை ஏற்றிக்கொண்டு தப்பினார் என்று ராபர்ட் ஸ்யூவெல் தமது சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். மரத் தூணும் மரக் கூரையுமாக ஜொலித்த அரண்மனைகள் அழிந்தன, அடிமேடைதான் மிச்சம். கல்லும் சுண்ணாம்புமாக எழும்பிய கொட்டாரமோ நிலைத்துவிட்டது, யானைகள் மட்டும் இல்லாமல்!

அரச வம்சம் பெனுகொண்டாவுக்கும், பிறகு சந்திரகிரிக்கும் பெயர்ந்தது. அந்தச் சந்திரகிரி அரசின்கீழ் அதிகாரம் செலுத்திய தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர்தாம் 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்தது எங்கே தெரியுமா? நம் பூந்தமல்லியில்!

பாட்டி அந்தக் கல் மேடையில் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது, "தனக்கென்று கட்டியது போச்சு, வாயில்லா ஜீவனுக்குக் கட்டியது நிற்கிறது" என்றார்.

இதற்குமேல் நான் என்ன எழுத?