பணம் வாங்க ஏன் ‘பின்’ தேவையில்லை?

திண்டிவனம் பூக்கடையிலும் விழுப்புரம் டீக்கடையிலும் இருக்கும் கியூஆர் அட்டைக்குள் பணம் இல்லை, எழுத்துகள்தான் இருக்கின்றன. கடைக்காரரின் யூபிஐ முகவரி, பெயர், சில நேரம் தொகை.

வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் உருவாக்கிய குறியீடு இது. உயர்ந்த திருத்த அளவில் அச்சிட்டால், ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் கேமரா படித்துவிடும். நம் கண்ணால்தான் படிக்க முடியாது. யாராவது அதன்மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாலும் வித்தியாசம் தெரியாது. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள். அதில் கூச்சமே வேண்டாம்.

இதைவிடக் கொடியது இன்னொன்று. பழைய பம்புசெட்டை விற்க விளம்பரம் கொடுத்தவருக்கு போன் வருகிறது: “அட்வான்ஸ் அனுப்புறேன் அண்ணே, இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க.” பின் என்பது, ‘என் கணக்கிலிருந்து பணத்தை எடு’ என்று நம் வங்கிக்கு நாமே தரும் உத்தரவு. இருப்பைப் பார்க்கவும் அது தேவைப்படலாம். ஆனால் வரும் பணத்துக்கு உத்தரவு தர வேண்டியவர் அனுப்புகிறவர் மட்டுமே.

ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். திருடிய பணம் கணக்குவிட்டுக் கணக்கு வேகமாகத் தாவும். வெளியே எடுப்பதற்குள் தகவல் போனால்தான் வங்கியால் முடக்க முடியும். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.