கட்டி கரைந்த பிறகும் கால் ஏன் வீங்குகிறது?

காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்துபோனவர்களுக்கு மருத்துவம் முடிந்த பிறகும் ஒரு தொல்லை காத்திருக்கலாம். நாள் முழுக்க நின்றால் கால் கனக்கும், மாலையில் வீங்கும், கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இவர்களில் 20 முதல் 50 சதவீதம் பேர் ஏதோ ஓர் அளவில் இதை அனுபவிக்கிறார்கள். மருத்துவர்கள் இதை 'போஸ்ட் த்ராம்பாட்டிக் சிண்ட்ரோம்' என்கிறார்கள்.

சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே போகவிடும் ஒருவழிக் கதவுகள். அசையாமல் நிற்கும்போது பாதச் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளும். வால்வுகள் அதைத் திரும்பி இறங்கவிடாது. அழுத்தம் 30-க்கும் கீழே வந்துவிடும். ரத்தக்கட்டி உண்டாக்கும் அழற்சி இந்த வால்வுகளைத் தழும்பாக்கிவிடுகிறது. சிலருக்குச் சிரையே சுருங்கி அடைபட்டுவிடுகிறது. அதன்பின் நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு குறைவதில்லை. நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து கால் வீங்குகிறது. கூடவே கசியும் சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் பழுப்பாகப் படிகிறது. தோல் இறுகி, சிறு கீறல்கூட ஆறாத புண்ணாகலாம். 5 முதல் 10 சதவீதம் பேருக்கு நோய் இப்படித் தீவிரமாகிறது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, கட்டி வளராமல் பார்த்துக்கொள்கிறது. கட்டியைக் கரைக்கும் வேலையை உடல்தான் செய்கிறது. கெட்டுப்போன வால்வைச் சீராக்க மாத்திரை கிடையாது. இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் இந்தத் தொல்லையைப் பாதியாகக் குறைப்பதாகப் பழைய ஆய்வுகள் சொல்லின. ஆனால், 800-க்கும் அதிகமானோரிடம் இறுக்கம் தராத போலி ஸ்டாக்கிங்ஸுடன் ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2014-இல் வெளியானபோது, தொல்லை வராமல் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீக்கத்தையும் வலியையும் தணிக்க இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் பலருக்கு இன்னும் உதவுகிறது. புண் வந்தவர்களுக்கு அழுத்தக் கட்டுதான் முக்கிய மருத்துவம். தமனியில் ரத்த ஓட்டம் போதுமா என்று பார்த்த பிறகே அதைக் கட்ட வேண்டும்.

ஆகவே, வால்வு மேலும் கெடாமல் காப்பதே நம் கையில் உள்ள வழி. அதே காலில் இரண்டாம் முறை கட்டி வந்தால் ஆபத்து பல மடங்காகும். முதல் மூன்று மாதங்களுக்கு மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது. இவ்வகை மாத்திரைகளில் ஒன்றான வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் கணிக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வலி போய்விட்டது என்பதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது பெரும் தவறு. தினமும் நடப்பதும் உடல் எடையைக் குறைப்பதும் காலுக்கு நல்லது. வீக்கம் திடீரென்று கூடினால் உடனே டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். காலிலிருந்து கட்டி நுரையீரலுக்குப் போய்ச் சிகிச்சை பெற்றவருக்கு மூன்று மாதத்துக்குப் பிறகும் மூச்சு வாங்கினால், நுரையீரல் தமனிகளில் பழைய அடைப்பு தங்கியிருக்கலாம். தக்க சமயத்தில் கண்டுபிடித்தால் பலருக்கு அறுவை சிகிச்சையால் அதை அகற்ற முடியும்.