ஊசி மருந்தும் சுழலும் பொறியும்



தடுப்பூசி மருந்தைக் கிருமியிலிருந்தே தயாரிக்கிறார்கள் என்றதும் நம்மில் சிலர் பயப்படுகிறோம். "நோய்க் கிருமியை எதற்கு உடம்பில் ஏற்ற வேண்டும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதும் நியாயமே. அந்தக் கிருமியை எப்படித் தூய்மைப்படுத்துகிறார்கள் என்பதை அறிந்தால் அச்சம் குறையும். இன்புளுவென்சா காய்ச்சலுக்கான தடுப்பூசியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

இந்தக் காய்ச்சலைத் தரும் வைரஸ் கிருமி மிகமிகச் சிறியது. ஏறக்குறைய 10,000 கிருமிகளை வரிசையாக வைத்தால்தான் 1 மில்லிமீட்டர் நீளம் வரும். உயிருள்ள அணுக்களுக்குள்தான் அது பெருகும். ஆகவே, கரு வளரும் கோழி முட்டைகளுக்குள் அதைச் செலுத்திச் சில நாட்கள் வெதுவெதுப்பாக வைக்கிறார்கள். பிறகு முட்டைக்குள் இருக்கும் நீரை எடுக்கிறார்கள். அந்த நீரில் கிருமி மட்டுமா இருக்கும்? முட்டையின் புரதமும் கழிவும் சேர்ந்தே இருக்கும். 1940-களில் வந்த மருந்தில் இந்தக் கலப்பு மிகுதி. அதனால் பலருக்குக் கை வீங்கியது, காய்ச்சலும் கண்டது.

கலப்பைப் பிரிக்கும் வழி நமக்குப் புதிதல்ல. கித்தாப் பாலை ஆலையில் வேகமாகச் சுழலும் பொறியில் விடுகிறார்கள் அல்லவா? இலேசான ரப்பர் துகள்கள் நடுப்பக்கம் ஒதுங்க, நீர் வெளிப்பக்கம் போகிறது. நூற்றுக்கு 30 பங்கு போல ரப்பர் இருந்த பால், 60 பங்கு உள்ள கெட்டிப் பாலாகிறது. ரப்பர் கையுறை செய்வது அந்தப் பாலில்தான்.

1960-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் நார்மன் ஆண்டர்சன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் இதே தத்துவத்தில், இதைவிடப் பன்மடங்கு வேகமான பொறியை அமைத்தார்கள். யுரேனியத்தைப் பிரிப்பதற்காக வளர்ந்த நுட்பம் அதற்குக் கைகொடுத்தது. பொறிக்குள் சர்க்கரைக் கரைசல் இருக்கும். நடுவில் நீர்த்தும், வெளிப்பக்கம் போகப்போகக் கெட்டியாகவும் இருக்கும். சுழலும்போது கிருமி வெளிப்பக்கம் நகர்ந்து, தன் அடர்த்திக்குச் சமமான பாகு வந்ததும் அங்கேயே நின்றுவிடும். முட்டைப் புரதமோ மிகச் சிறிய துகள். மெதுவாக நகர்ந்து பின்தங்கிவிடும். கிருமி நிற்கும் பட்டையை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளலாம்.

அதோடு விடுவதில்லை. கிருமியை இரசாயனத்தால் செயலிழக்கச் செய்து, பெரும்பாலும் துண்டுகளாகவும் உடைத்துவிடுகிறார்கள். அத்தகைய ஊசியால் இன்புளுவென்சா நோய் வராது. ஓரிரு நாள் கைவலியோ இலேசான காய்ச்சலோ வரலாம். அது உடல் எதிர்ப்புச் சக்தியைப் பழகிக்கொள்வதன் அடையாளம்.

பரம்பரை நோயைத் தீர்க்க மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ் உறைகளையும் ஆய்வாளர்கள் இவ்வாறு பிரிக்கிறார்கள். மரபணு உள்ள உறை கனமானது. வெற்று உறை இலேசானது. பதர் நீங்கிய நெல்லே விதைக்கு நன்கு உதவும் என்பது போல, வெற்று உறை நீங்கினால் மருந்தின் தரம் கூடும்.

ஆகவே நேயர்களே, ஊசி என்றதும் ஒதுங்க வேண்டாம். முன்பு ஏதேனும் ஊசியாலோ முட்டை சாப்பிட்டதாலோ மூச்சுத்திணறல் கண்டிருந்தால், அதைத் தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சந்தேகம் எதுவானாலும் கேளுங்கள். கேட்டுத் தெளிந்து பிள்ளைகளின் நலம் காப்போம்.