அருங்காட்சியகத்தில் ஒரு வரலாற்றுப் பயிற்சி நாள்

வரலாறு என்றவுடன் நம் மாணவர் பலர்க்கு நினைவில் எழுவன ஆண்டுகளும் அரசர் பெயர்களுமே. தேர்வு முடிந்ததும் அவை மறைந்துவிடுகின்றன. தாமே தேடி அறிந்த உண்மையோ என்றும் மறப்பதில்லை. அத்தகைய தேடலில் மேனிலைப் பள்ளி மாணவரைப் பழக்குவதற்கென அமைந்ததே அருங்காட்சியகத்தில் நடத்தப்பெறும் வரலாற்றுப் பயிற்சி நாள். மேலை நாட்டு அருங்காட்சியகங்கள் பலவற்றில் இது நிலைபெற்ற வழக்கமாகும். அதன் இயல்பையும், அது நாகூர்ப் பகுதிக்குப் பொருந்துமாற்றையும் ஈண்டுக் காண்போம்.

சுற்றுலா வேறு, பயிற்சி நாள் வேறு. சுற்றுலாவில் வழிகாட்டி சொல்வார். மாணவர் கேட்டு நகர்வர். பயிற்சி நாளிலோ மாணவர் ஐவர் அறுவராகப் பிரிந்து ஒரு பொருளின் முன் அமர்வர். விளக்கப் பலகையைப் படிக்குமுன், எதனால் ஆனது, எங்குத் தேய்ந்துள்ளது, எதற்குப் பயன்பட்டிருக்கும் எனத் தாம் கண்டவற்றை எழுதுவர். பின்னர் அப்பொருளோடு தொடர்புடைய ஆவணங்களின் படிகள் தரப்படும். அவற்றுள் முரண்படும் சான்றுகளும் இருக்கும். அம்முரணைக் காரணம் காட்டித் தீர்க்க முயல்வதே அந்நாளின் உயிர்ப்பகுதி. ஆசிரியர் உடனே விடை கூறார், "எதனால் அவ்வாறு கொள்கிறாய்?" என்றே வினவுவார்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைக் கூறும் பெரிய லைடன் செப்பேட்டுத் தொகுதி 21 ஏடுகளைக் கொண்டது. 5 ஏடுகள் வடமொழியிலும், 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. விகாரத்தை எடுப்பித்தவன் கடாரத்தரசன் சூளாமணிவர்மன் என்கிறது தமிழ்ப்பகுதி. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மனே தந்தையின் பெயரால் எடுப்பித்தான் என்கிறது வடமொழிப்பகுதி. எது மெய்? தமிழ்ப்பகுதி இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வடமொழிப்பகுதி இராசேந்திரன் காலத்தது. இதனைக் கண்டறியும் மாணவன், தந்தை தொடங்கியதை மகன் முடித்திருக்கலாம் என்னும் முடிவுக்குத் தானே வந்து சேர்வான். ஆவணம் எழுந்த காலத்தையும் ஆராய வேண்டும் என்னும் பாடம் அவன் உள்ளத்தில் நிலைத்துவிடும்.

இத்துடன் பிற சான்றுகளையும் வைக்கலாம். 1856 முதல் 1934 வரை நாகப்பட்டினத்தில் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கண்டெடுக்கப்பெற்றன. அவற்றுட் பல, 1851இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1846இல் வால்டர் எலியட் கண்ட செங்கற்கோபுரமோ இன்றில்லை. 1867இல் அரசின் இசைவோடு இடிக்கப்பட்டது. நம் பொறுப்பை உணர்த்தும் இழப்பு இது. பழமையின் பொருளை உணராத தலைமுறைக்கு இடிந்த சுவர் வெறும் செங்கல்லாகவே தோன்றும்.

நாகூர் மாணவர்க்கு அண்மையில் உள்ளது தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் இசைவுடன் தேனியர் எழுப்பிய கோட்டை இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1845இல் தேனியர் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றனர். நாயக்கர் ஏன் இடம் அளித்தார்? தேனியர் ஏன் விற்றனர்? இவ்விரு வினாக்களே ஒரு நாள் பயிற்சிக்குப் போதும்.

அருங்காட்சியகத்தில் பெற்ற பழக்கம் ஊர் திரும்பிய பின்னும் தொடர வேண்டும். நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மனாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் (1739–1763). மகப்பேறு வேண்டி நேர்ந்துகொண்டு கட்டினார் என்பது செவிவழிச் செய்தி. இச்செய்தியும் ஒரு சான்றே. ஆயினும் ஆவணங்களோடு வைத்து எடைபோட வேண்டிய சான்று. அதனை மாணவர்க்குச் சொல்ல வல்லவர் நம் பெரியவர்களே. கடல் கடந்த வணிகத்தின் சுவடும் அவ்வாறே. சிங்கப்பூரில் 1828–1830இல் நாகூர் தர்காவின் நினைவாக எழுந்த கட்டடம் 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்குச் சென்று வாழ்ந்தோர் எழுதிய கடிதங்களும் கணக்கேடுகளும் நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கக்கூடும். அவற்றுள் அரபுத் தமிழில் எழுதப்பட்டவற்றைப் படிக்க வல்லோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

எனவே பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய தாள் என்று எதனையும் எரித்துவிடாதீர்கள்; ஒரு மாணவனை அருகழைத்து, அதனை அவனோடு சேர்ந்து படியுங்கள். ஆசிரியப் பெருமக்கள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, விடையை மறைத்து வினாவைக் கையில் கொடுக்க வேண்டும். மே 18 உலக அருங்காட்சியக நாள். அந்நாள் கோடை விடுமுறையில் வருவதால், தொடங்குவதற்கும் ஏற்றதே. வினவக் கற்ற தலைமுறை தன் ஊரின் செங்கல்லையும் ஏட்டையும் இழக்க ஒருப்படாது.