மறைநெறிகளும் தொல்கிறித்தவமும்

உரோமப் பேரரசில் வழங்கிய மறைநெறிகள் பல. ஏதென்சுக்கு அண்மையிலுள்ள எலூசிசில் தெமீத்தர், பெர்செபொனி என்னும் தாய்மகள் தெய்வங்கட்கு நிகழ்ந்த விழா, எகிப்தினின்று பரவிய ஐசிசு வழிபாடு, பிரிகியா நாட்டுத் தெய்வத்தாயையும் அத்திசையும் பற்றிய நெறி, காளையைக் கொல்லும் மித்திரனைப் போற்றிய நெறி ஆகியன அவற்றுள் தலையாயன. இவற்றிற் புகுவார் தீக்கை பெற்றனர். அங்குக் கண்டதைப் பிறர்க்கு உரையாமையைக் கடனாகக் கொண்டனர். (தீக்கை என்னும் சொல்லை ஈண்டு வசதி நோக்கி ஆண்டேன், சைவ தீக்கையொடு ஒன்றென மயங்கற்க.)

கிறித்தவம் தோன்றுதற்கு இந்நெறிகள் காரணமாயினவோ என்னும் வினாவைப் பிரேசர் 1890-இல் வெளியிட்ட பொற்கிளை பலரிடத்தும் எழுப்பியது. இரைட்சென்சுடைன் 1910-லும், புசெட் 1913-லும், உலுவாசி 1919-லும் அதனை விரிவாக ஆராய்ந்தனர். இறந்து எழும் தெய்வம், மறுபிறப்புத் தரும் நீராட்டு, தெய்வத்தொடு ஒன்றுவிக்கும் பொதுவிருந்து ஆகிய மூன்றும் இரு பாலும் உள. ஆகவே யூத நாட்டில் எழுந்த இயக்கத்தைப் பவுல் முதலானோர் கிரேக்கர்க்கேற்ற மறைநெறியாக ஆக்கினர் என்பது இவ்வகை ஆய்வின் சாரம்.

இதனை முதற்கண் கால அடைவு கொண்டு நோக்குதல் வேண்டும். பவுலின் திருமுகங்கள் கி.பி. 50-ஐ அடுத்த ஆண்டுகளில் எழுந்தவை. மித்திர நெறிக்கு உரோமப் பேரரசிற் கிடைக்கும் உறுதியான சான்றுகளோ முதல் நூற்றாண்டின் இறுதியினின்றே தொடங்குகின்றன. காளைப்பலியால் என்றென்றைக்கும் மறுபிறப்பெய்தியதாக ஒருவன் பொறித்த உரோமக் கல்வெட்டுப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும். அதன் ஆண்டு 376. இலியோன் நகரில் 160-ஆம் ஆண்டிற் பொறித்த கல்வெட்டு அப்பலியைப் பேரரசனின் நலத்திற்குரியதாகவே கூறும். இருபது ஆண்டு கழிந்தபின் அச்சடங்கை மீளச் செய்தோரும் உளர். குழியில் நின்று குருதியில் நனைதலாகிய காட்சியோ, 400-ஐ ஒட்டிப் பாடிய புருடென்சியசு என்னும் கிறித்தவப் புலவரின் பகைமைக் கூற்று. மறுபிறப்புப் பற்றிய மொழியை இங்குக் கிறித்தவத்தினின்றே பிறர் பெற்றிருத்தல் கூடும்.

தெய்வங்களின் ஒப்புமையும் நெருங்கி நோக்கின் நெகிழ்கின்றது. ஒசைரிசு இவ்வுலகிற்கு மீண்டிலன், இறந்தோர்க்கு அரசனாயினான். அத்திசு எழுந்தான் என்பதற்குரிய சான்றுகள் பிற்காலத்தன.

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த ஜஸ்டின், மித்திர நெறியினர் அப்பமும் நீர்க்கிண்ணமும் வைத்துச் சடங்கு செய்வதைக் குறித்து, தீய ஆவிகள் திருவிருந்தைப் போலச் செய்தன என்றார். கடன் கொண்டமைக்கு இஃது எத்திறத்தானும் சான்றாகாது. ஒப்புமை அக்காலத்தார் கண்ணிலும் பட்டது என்பதே இதனாற் பெறப்படும்.

எனினும், கால அடைவைக் காட்டி வினாவையே தள்ளிவிடும் சமயச் சார்பினர் கூற்றையும் ஏற்றற்கில்லை. எலூசிசு விழா பவுலுக்குப் பன்னூறு ஆண்டு முந்தியது. கொரிந்துக்குத் தொலைவிலும் இல்லை. கொரிந்தின் துறைமுகமாகிய கெங்கிரேயாவிலேயே அபுலேயசு தம் கதைத்தலைவனுக்கு ஐசிசின் தீக்கையை அமைத்தார். அவ்வூரில் ஒரு சபை இருந்ததைப் பவுலே உரோமர்க்கு எழுதிய முகத்திற் குறித்துள்ளார். அங்கிருந்தோர் செவியில் ‘மிஸ்தேரியோன்’ என்னும் சொல் தீக்கையை நினைவூட்டாது போயிருக்குமோ?

ஆயின் அச்சொல்லைப் பவுல் ஆளும் பொருள் வேறு. தானியேல் நூலின் ‘ராசு’ என்னும் அரமேயச் சொல்லுக்கு அதுவே கிரேக்க மொழிபெயர்ப்பு. இறைவன் மறைத்து வைத்துப் பின் வெளிப்படுத்தும் திட்டம் என்பது பொருள். 1947 முதல் கும்ரானிற் கிடைத்த சுருள்களிலும் இச்சொல் இப்பொருளிற் பயில்கின்றது. சொல் கிரேக்கம், பொருள் யூதம். இவ்வேறுபாட்டை உணராமையே பழைய ஆய்வுகளின் பெருங்குறை என்பது என் துணிபு. மித்திர ஆய்வின் முன்னோடியாகிய குமோன், பிற நெறிகளைக் கிறித்தவச் சொற்களாற் குறித்துவிட்டு, அச்சொற்களையே ஒற்றுமைக்குச் சான்றாக்கும் வழுவை 1906-லேயே கண்டித்தார். மெட்சுகர் 1955-இல் எழுதிய முறையியற் கட்டுரையும் பயிலற்பாலது.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை வேறு. திருமுழுக்குப் பெறாதாரைத் திருவிருந்துக்கு முன் வெளியேற்றுதலும், புதியோர்க்கு எருசலேமில் நிகழ்த்திய மறைபுகு உரைகளும் மறைநெறிகளின் சொல்லாட்சியை வெளிப்படையாகவே தழுவின. தோற்றத்தையும் வளர்ச்சியையும் பிரித்து ஆராயின் பூசல் பெரும்பாலும் அடங்கும்.

சிரியாவிலுள்ள தூரா யூரோப்பசு நகரில் மித்திரன் கோயிலும் கிறித்தவர் இல்லமும் ஒரே மேற்கு மதிலை ஒட்டி இருந்தன. 256-ஐ ஒட்டிப் பாரசீகர் முற்றுகைக்கு அஞ்சி மதிலுக்கு மண் அணைத்தபோது இரண்டும் புதையுண்டன. 1930-களில் இரண்டும் வெளிப்பட்டன. திருமுழுக்கு அறையின் சுவரில் ஆயனும், கிணற்றடிச் சமாரியப் பெண்ணும், தாவீதும் கோலியாத்தும் தீட்டப்பட்டுள்ளனர். அனைத்தும் யூத மறையினின்றும் நற்செய்தியினின்றும் எடுத்தவை.